முதல் பூ-அர் கேக்: ஷோ, இளம் ஷெங், பழைய ஷெங் – எதை வாங்குவது?

"அக்கா, மாமா குவாங்சோவிலேர்ந்து அடுத்த வாரம் வர்றார். பூ-அர் தேயிலை ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். கடைக்காரர் ஷெங்கா ஷோவா, எத்தனை வருஷத்துதுன்னு கேக்குறாராம். என்ன சொல்லட்டும்?"

தம்பி ஒருவர் போன வாரம் அனுப்பிய குரல்செய்தி இது. இதே குழப்பத்தோடு வருகிறவர்கள் பலர். தே தாரேக்கில், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரில், வளர்ந்த நாக்கு. யாரோ சீன நண்பர் வீட்டில் ஒரு சின்னக் கோப்பை கறுப்புத் தேநீர் குடித்திருப்பார்கள். பாலும் சீனியும் இல்லாமலே தொண்டையில் ஓர் இனிப்பு நின்றிருக்கும். அதைத் தேடிக் கடைக்குப் போனால் சுவர் முழுக்க வட்ட வட்டமாகக் காகித உறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் வட்டமாக அழுத்திய சீனத்து பூ-அர் தேயிலை; அதைத்தான் 'கேக்' என்கிறோம். ஒரே அளவு, ஒரே எடை, விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நான் மலேசியாவின் ஈப்போவில் இருக்கிறேன். பதினான்கு வருடமாக இதை வாங்கி, வைத்து, காய்ச்சி வருகிறேன். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் கேக் ஷோவாக, அதாவது நொதிக்கவைத்துக் கறுக்கச் செய்த வகையாக, இருக்கட்டும். அப்படி நொதிக்கவைக்காத ஷெங்கில் இளசு, பழசு இரண்டையும் கேக்காக வாங்காமல் 25 கிராம் மாதிரியாக மட்டும் வாங்குங்கள். ஏன் என்பதையும், இந்த முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

## மூன்றும் எங்கே பிரிகின்றன

மூன்றுக்கும் தாய் ஒன்றுதான். சீனாவின் தென்மேற்கில் யுன்னான் மாநிலத்தில் வளரும் பெரிய இலைத் தேயிலை. அசாம் தேயிலையின் இனம். பறித்து, வாடவிட்டு, இரும்பு வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, உருட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். பச்சைத் தேநீர் அளவுக்குச் சூடு கொடுக்காததாலும் வெயிலில் உலர்வதாலும் இலைக்குள் வேலை முழுதாக நின்றுபோவதில்லை. பிறகு மாறுவதற்கு இடம் இருக்கிறது. இந்த இலையை ஆவியில் இளக்கி, துணிப்பையில் கட்டி, கல்லுக்கடியில் அழுத்தினால் 357 கிராம் கேக். பார்க்கத் தடித்த அடை மாதிரி இருக்கும். ஏழு கேக்கை மூங்கில் மட்டையில் சுற்றினால் ஒரு தோங்; கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ.

அப்படியே அழுத்தி எடுத்தது ஷெங். புதிதில் இளமஞ்சள் நிறம், கசப்பு, துவர்ப்பு. அதே கேக்கை நல்ல காற்றில் பதினைந்து, இருபது வருடம் வைத்தால் பழைய ஷெங். கசப்பு அடங்கி, நிறம் செம்பழுப்பாகி, பழைய மரப்பெட்டியும் கற்பூரமும் கலந்தது போன்ற மணம் வரும்.

அவ்வளவு காலம் காத்திருக்க ஹாங்காங் உணவகங்களால் முடியவில்லை. திம்சம் சிற்றுண்டி மேசையில் 'போலே' (பூ-அரின் கன்டோனீஸ் பெயர்) என்று கேட்பவர்களுக்குக் கறுத்து இளகிய தேநீர் தினமும் ஊற்றியாக வேண்டும். அந்தத் தேவைக்காக 1973-ஐ ஒட்டி குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு முறையைச் சீர்படுத்தினார்கள். இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மூடிவைத்து, நடுநடுவே கிளறிவிட்டால் குவியல் உள்ளுக்குள் சூடேறி நொதிக்கும். நாற்பது, ஐம்பது நாளில் இலை கறுத்துவிடும். இதுதான் ஷோ. தோசை மாவு ராத்திரியில் பொங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் சூட்சுமம் எளிதில் புரியும்: சரியான சூடு, சரியான ஈரம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

கடையில் முதலில் கேட்பது வருடத்தைத்தான். அதைக் கடைசியில் வையுங்கள். முதல் கேள்வி, எப்போது குடிக்கப் போகிறீர்கள்? இன்று மாலையா, பத்து வருடம் கழித்தா? அடுத்தது, வீட்டுக் காற்று எப்படி, அதில் என்ன வாசனை இருக்கிறது? மூன்றாவது, நீங்கள் வாங்குவதை உங்களாலேயே சோதித்துப் பார்க்க முடியுமா, விற்பவர் சொல்லை நம்பித்தான் ஆகவேண்டுமா? நான்காவது, ஒரு தடவைக்கு என்ன ஆகிறது? ஒரு கேக்கில் ஆறு கிராம் வீதம் ஏறத்தாழ 60 தடவை குடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே இலையில் பத்து ஊற்று வரும், அதாவது பத்து முறை வெந்நீர் ஊற்றி எடுக்கலாம். கேக் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டால் கொஞ்சம் ஆசுவாசப்படுவார்கள். ஐந்தாவது, உங்கள் வயிறு.

## ஷோ

இன்றே குடிக்கலாம். காய்ச்சுவதில் தவறு செய்தாலும் மன்னிக்கும். அரை நிமிடம் கூடிப்போனால் கெட்டியாகுமே தவிர கசந்து விரட்டாது. சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் வயிற்றுக்கு இதமாக இருப்பது என் அனுபவம். பால் ஊற்றினாலும் தாங்கும். எங்கள் வீட்டில் மாமியார் அப்படித்தான் குடிக்கிறார், எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் பாலில் மணத்தின் பாதி மறைந்துவிடும்.

ஏமாறும் வாய்ப்பு மூன்றிலும் இதற்கே குறைவு. விலை குறைவாக இருப்பதால் போலி செய்து பெரிய லாபம் பார்க்க முடியாது. மூன்று வருடத்து ஷோவே குடிக்க நன்றாக இருக்கும் என்பதால் வயதைக் கூட்டிச் சொல்லவும் அவசியம் இல்லை.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. புதிய ஷோவில் குவியலின் வாடை இருக்கும். சிலருக்கு அது ஈரமண், சிலருக்குக் கருவாட்டுக்கூடை. இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். அதனால் இந்த வருடத்துச் சரக்கு வேண்டாம். மூன்று வருடம் தாண்டியதைக் கேளுங்கள். மிக மலிவான ஷோவில் குவியலை அவசரப்படுத்தியிருப்பார்கள், அந்த வாடை எத்தனை வருடமானாலும் விடாது.

பெயர் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால் மெங்ஹாய் தொழிற்சாலையின் 'தாயி' முத்திரையில் 7572 ஒரு நல்ல அளவுகோல். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் செய்முறை வகுக்கப்பட்ட ஆண்டு, மூன்றாவது இலைத் தரம், நான்காவது தொழிற்சாலை: 1 குன்மிங், 2 மெங்ஹாய், 3 ஷியாகுவான். 7572 என்றால் 1975-இல் செய்த தேயிலை என்று பொருள் இல்லை. இதைச் சொல்லியே விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

## இளம் ஷெங்

இதில்தான் ஆசை அதிகம், தப்பும் அதிகம். "இப்போது வாங்கிப் போட்டால் பையன் கல்யாணத்துக்கு எடுக்கலாம்" என்று தோங் கணக்கில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நானும் வாங்கியிருக்கிறேன்.

நல்ல இளம் ஷெங் இன்றைக்கே குடிக்கக்கூடிய அருமையான தேநீர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். யுன்னானில் யீவூ பக்கத்து இலை மென்மையாக, தேன் வாசத்தோடு இருக்கும். பூலாங் மலை இலை வேப்பம்பூ ரசம் மாதிரி முதலில் கசக்கும். பிறகு நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி தொண்டையிலிருந்து இனிப்பு ஏறி வரும். அந்த இனிப்புக்கு அடிமையானவர்கள் வேறு எதற்கும் திரும்பமாட்டார்கள். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஐந்தாறு கோப்பை குடித்துவிட்டுக் கை நடுங்க உட்கார்ந்திருக்கிறேன்.

மறைந்த செலவுகள் இங்கே மூன்று.

முதலாவது காலம். இருபது வருடம் என்பது இருபது மழைக்காலம், இரண்டு வீடு மாற்றம், ஒரு கூரை ஒழுகல். மூங்கில் மட்டை அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

இரண்டாவது காற்று. தேயிலை பக்கத்தில் உள்ள வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். என் முதல் இரண்டு ஷெங் கேக்கைத் துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். இருட்டு, வெயில் படாத இடம், நல்லது என்று நினைத்தேன். கீழ்த்தட்டில் பட்டுப்புடவைகளுக்கிடையே அந்துருண்டை இருந்தது நினைவுக்கு வரவில்லை. எட்டு மாதம் கழித்து உறையைப் பிரித்தபோது இலை பார்க்க அழகாகத்தான் இருந்தது, வெள்ளி முனைகள்கூட மங்கவில்லை. வெந்நீர் பட்டதும் அறை முழுக்க அந்துருண்டை. காற்றாட வைத்தேன், மண்சட்டியில் வைத்தேன், இரண்டு வருடம் பார்த்தேன். போகவில்லை. இரண்டையும் செடிக்கு உரமாகப் போட்டேன்.

மூன்றாவது, விலை ஏறும் என்ற நம்பிக்கை. 2007-இல் சீனாவில் பூ-அர் விலை வெறிகொண்டு ஏறி, அதே ஆண்டின் நடுவில் சரிந்தது. சேமிப்பைக் கொட்டி வாங்கிய சாதாரண ஜனங்கள் கிடங்கு நிறைய இலையோடு நின்றார்கள். முதலீடு என்று யாராவது பேச ஆரம்பித்தால் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

பெயர்பெற்ற கிராமங்களின் பெயர் அச்சடித்த உறைகளிடமும் எச்சரிக்கை தேவை. லாவ் பன்சாங் என்பது ஒரே ஒரு கிராமம். அதன் பெயரில் உலகெங்கும் விற்கும் இலை எல்லாம் அங்கே விளைய வழியில்லை. தொழிற்சாலைக் கலவையான 7542 போன்றவை பகட்டில்லாதவை, ஆனால் நம்பலாம்.

இளம் ஷெங் யாருக்குச் சரி? இன்றைய சுவையே பிடித்திருப்பவர்களுக்கு. வருகிற காலத்தில் நன்றாகும் என்பதற்காக மட்டும், இப்போது பிடிக்காத ஒன்றை வாங்காதீர்கள். மோசமான இலை இருபது வருடம் கழித்து மோசமான பழைய இலையாகத்தான் இருக்கும்.

## பழைய ஷெங்

மூன்றிலும் ஆகச் சிறந்த கோப்பை இதில்தான் குடித்திருக்கிறேன். ஆக மோசமானதும் இதில்தான்.

வாங்குவது வருடத்தை அல்ல, அது கிடந்த கிடங்கை. இதை மனதில் வைத்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். குன்மிங் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள உலர்ந்த, குளிர்ந்த ஊர். அங்கே பதினைந்து வருடம் கிடந்த ஷெங்கில் இன்னும் இளமைக் கசப்பு மிச்சம் இருக்கும். ஹாங்காங்கில் பழைய முறை வேறு: ஈரம் மிகுந்த கீழ்த்தளக் கிடங்கில் சில காலம் வைத்து வேகமாக மாற்றி, பிறகு மேல்மாடியில் காற்றாட விட்டு அந்த வாடையைப் போக்குவார்கள். நன்றாகச் செய்தால் பழைய நூலகத்தின் மணம். பேராசையில் செய்தால் பூஞ்சை. குவாங்டோங், தைவான், எங்கள் மலேசியா எல்லாம் இடைப்பட்டவை. இங்கே வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்பதால் இலை சீக்கிரம் கனியும். மலேசியக் கிடங்குச் சரக்கு என்று சீனாவிலேயே தேடி வாங்குகிறவர்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உறையை நம்பக் கூடாது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி வரை உறையில் தயாரிப்புத் தேதி அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. நடுவில் பச்சை எழுத்து, சுற்றிலும் எட்டுச் சிவப்பு எழுத்து கொண்ட பொது உறையைப் பல தொழிற்சாலைகள் பயன்படுத்தின. அந்த மாதிரி மஞ்சளேறிய காகிதம் அச்சடிப்பது கடினமே இல்லை.

நான் ஒருமுறை "தொண்ணூறுகளின் தொடக்கம்" என்று சொல்லி விற்ற கேக் ஒன்றை வாங்கினேன். கடையில் சுவை பார்த்தது வேறு துண்டு என்று பிறகுதான் புரிந்தது. வீட்டில் காய்ச்சியபோது நிறம் கறுப்பாக, அதுவும் கலங்கலாக இருந்தது. நல்ல பழைய ஷெங் செம்மண் நிறத்திலும் கண்ணாடி போல அடி தெரியும். தொண்டையில் கீறல். ஊற்றி முடித்த இலையைத் தட்டில் பரப்பி விரலால் விரித்தேன். நன்றாகக் கனிந்த இலை ஈரத்தில் மெத்தென்று விரியும், நரம்பு தெரியும். இது கரித்துண்டு மாதிரி விறைத்து நின்றது, விரித்தால் நொறுங்கியது. அதிக ஈரத்தில் வெந்துபோன இலை. அதன் வயது பத்தைக்கூடத் தாண்டியிருக்காது என்று எனக்குப் பழக்கமான தவுக்கே (கடை முதலாளி) பார்த்த மாத்திரத்தில் சொன்னார்.

அதனால் விதி ஒன்றே: உங்கள் கண்முன் எந்தக் கேக்கை உடைத்துக் காய்ச்சினார்களோ, அந்தக் கேக்கிலிருந்தே 25 கிராம். நான்கு தடவை குடிக்கலாம். நான்காவது தடவையும் பிடித்திருந்தால் பிறகு பேசலாம்.

பழைய ஷெங் யாருக்குச் சரி? மாதம் இரண்டு முறை, நிதானமாக, நண்பர்களோடு உட்கார்ந்து குடிப்பவர்களுக்கு. அந்த அளவில் இதன் விலைகூடத் தாங்கும். காத்திருக்க வயதில்லை, சேமித்துவைக்க இடமில்லை என்பவர்களுக்கும் இதுவே வழி.

## பட்டியலில் இல்லாத நான்காவது

லியூ பாவ். குவாங்சி மாநிலத்து வூசோ பக்கத்திலிருந்து வரும், மூங்கில் கூடையில் அடைத்த கறுப்புத் தேயிலை. இங்கே கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் வேலைபார்த்த சீனத் தொழிலாளர்கள் வெக்கைக்கு இதைத்தான் குடித்தார்கள். பாக்கு மணம் இதன் அடையாளம். வெற்றிலைப் பெட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு முதல் முகர்விலேயே தெரிந்துவிடும். பழைய ஷெங்கின் அமைதி வேண்டும், அந்த விலை கொடுக்க முடியாது என்றால் பத்து வருட லியூ பாவ் கேட்டுப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஷோ | இளம் ஷெங் | பழைய ஷெங் |
|---|---|---|---|
| குடிக்கும் காலம் | இன்றே | இன்று பிடித்தால் இன்றே. கனிய 15–20 வருடம் | இன்றே |
| விலை | குறைவு | குறைவு முதல் மிக அதிகம் வரை | மிக அதிகம் |
| ஏமாறும் வாய்ப்பு | குறைவு | மலைப் பெயரில் ஏமாற்று | வயதிலும் கிடங்கிலும் ஏமாற்று |
| மறைந்த செலவு | குவியல் வாடை போகும் வரை பொறுமை | இடம், காற்று, கவனம் | மாதிரி வாங்கும் செலவு |
| வயிறு | இதம் | வெறும் வயிற்றில் கூடாது | இதம் |

## வீட்டில் வைப்பது

தேயிலை வைக்கும் பெட்டிக்குள் ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. 75-ஐத் தாண்டினால் பூஞ்சைப் பயம். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள், அது ஒரு கேக் விலைகூட ஆகாது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் மூடிய பெட்டிக்குள் 65 விழுக்காட்டு ஈரப்பதச் சமன்பை (ஈரத்தை அந்த அளவிலேயே நிறுத்தும் சிறு பை) போடலாம். உலர்ந்த உள்நாட்டு ஊர்களில் அதே பை ஈரத்தைத் திருப்பித் தரும். சமையலறை, பூஜையறை, குளிர்பதனப் பெட்டி மூன்றும் வேண்டாம். சாம்பிராணிப் புகை எவ்வளவு மங்கலமானாலும் தேயிலைக்கு ஆகாது. ஷோவையும் ஷெங்கையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், ஷோவின் மணம் ஷெங்கில் ஏறிவிடும்.

மாதம் ஒருமுறை திறந்து முகருங்கள். வெள்ளைப் பஞ்சு, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு எதுவானாலும் தூக்கிப் போடுங்கள், சுரண்டிவிட்டுக் குடிக்க வேண்டாம். லியூ பாவிலும் ஹுனான் செங்கல் தேயிலையிலும் காணும் பொன்மஞ்சள் புள்ளிகள் மட்டும் விலக்கு; 'பொற்பூ' என்று அதை விரும்பியே வளர்க்கிறார்கள்.

## காய்ச்சுவது

கேக்கை உடைக்கத் தேயிலை ஊசியைப் பக்கவாட்டில் செருகி மெதுவாக நெம்ப வேண்டும். ஊசி போகும் திசையில் கை இருக்கக் கூடாது. ஷியாகுவானின் இரும்புக் கேக் போல இறுக்கமானவற்றில் ஊசி சட்டென்று வழுக்கும்.

100 மில்லி மூடிக்கிண்ணத்துக்கு ஆறு கிராம், கொதிக்கும் தண்ணீர். முதல் ஊற்று ஐந்து நொடி, அதைக் கொட்டிவிடுங்கள். ஷோ என்றால் இரண்டு முறை கொட்டலாம். பிறகு பத்து நொடியில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இளம் ஷெங் கசந்தால் தண்ணீரை 90 டிகிரிக்கு இறக்குங்கள், அல்லது நேரத்தைக் குறையுங்கள். கிண்ணம் இல்லாதவர்கள் அரை லிட்டர் பிளாஸ்கில் மூன்று கிராம் ஷோ போட்டு, ஒரு மணி நேரம் கழித்து அலுவலகத்தில் ஊற்றிக் குடிக்கலாம். பத்து ஊற்றுக்குப் பிறகு களைத்துப்போன ஷோ இலையையோ பழைய ஷெங் இலையையோ கொட்டாதீர்கள். 400 மில்லி தண்ணீரில் பத்து நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டால் பேரீச்சம்பழச் சாறு போல இன்னும் இரண்டு கோப்பை வரும்.

தம்பிக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான்: "மாமாவை 'ஷோ சா' என்று கேட்கச் சொல்லு. மெங்ஹாய் 7572 இருந்தால் ஒன்று, மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. கடைக்காரர் உட்காரவைத்து ஊற்றினால், இருபது வருட ஷெங் ஒன்றும் இந்த வருட ஷெங் ஒன்றும் காய்ச்சச் சொல்லி, அதே கேக்குகளிலிருந்து 25 கிராம் வீதம் தனித்தனிப் பையில் வாங்கட்டும். பையின் மேல் பேனாவால் எழுதிவைக்கச் சொல்லு, வீட்டுக்கு வந்ததும் எது எது என்று மறந்துபோகும். பெட்டியில் சோப்புக்கும் தைலத்துக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம்."